மூன்றாவது முறை
தொடர்: ஒரு பாட்டின் வரலாறு – அத்தியாயம் 9

சென்ற வாரம் நார்வே இளைஞர்கள் இருவர் லண்டனிலிருந்து வெறுங்கையோடு ஓஸ்லோ திரும்பியதோடு நிறுத்தியிருந்தேன். போல் வாக்டார், மாக்னே ஃபுருஹோல்மன் இருவரும் ஓஸ்லோவின் புறநகரான மங்லெருட்டில் சிறுவர்களாக இருந்தபோதே சேர்ந்து வாசிக்கத் தொடங்கியவர்கள். ‘பிரிட்ஜஸ்’ என்று ஒரு குழு அமைத்து, 1980-ல் யார் தயவும் இல்லாமல் தாங்களே ஓர் இசைத்தட்டும் வெளியிட்டவர்கள். 1982-ல் லண்டனில் சில மாதங்கள் அலைந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

ஊர் திரும்பியவர்களுக்கு ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. மெட்டு அவர்களிடம் இருந்தது, வாத்தியம் இருந்தது. அவற்றைத் தூக்கிப் பிடிக்க ஒரு குரல் இல்லை.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே இருந்தார். பெயர் மார்ட்டன் ஹார்க்கெட். பிரிட்ஜஸ் குழு மேடையில் வாசித்ததைக் கேட்ட நாளிலிருந்தே, பாடினால் இவர்களோடுதான் என்று மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தவர். ஆனாலும் முதல் லண்டன் பயணத்துக்கு அழைத்தபோது அவர் போகவில்லை. இந்த முறை மறுக்கவில்லை. 1982-ன் பிற்பகுதியில் வாக்டாரின் பெற்றோருக்கு நெர்ஸ்நெஸ் என்ற ஊரில் இருந்த கோடைக்கால வீட்டில் மூவரும் வாத்தியங்களோடு உட்கார்ந்தார்கள். பழைய மெட்டுகளையெல்லாம் வெளியே எடுத்தார்கள்.

அவற்றில் ஒன்று, மாக்னே பள்ளிப் பருவத்தில், பதினைந்து வயதுவாக்கில் கீபோர்டில் பிடித்த ஒரு துணுக்கு. ஒருமுறை கேட்டால் போதும், நாள் முழுக்க வாய் அதையே முணுமுணுக்கும். பிரிட்ஜஸ் காலத்திலேயே ‘மிஸ் ஈரி’ என்ற பாட்டில் அதை வைத்துப் பார்த்திருந்தார்கள். வாக்டாருக்கு அது ஒட்டவில்லை. ‘தி டோர்ஸ்’ குழுவின் இருண்ட, கனத்த பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். இந்தத் துணுக்கோ ஒரேயடியாக இனித்தது. ‘ஜூசி ஃப்ரூட்’ என்று ஒரு சூயிங்கத்தின் பெயரையே அதற்குச் சூட்டி ஓரமாக வைத்திருந்தார்கள்.

மார்ட்டன் காதில் அது விழுந்தது. இது உலகம் முழுக்கப் போகும் என்று அவர் அப்போதே நம்பினார். அந்த நம்பிக்கை பலிக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதும், அதற்குள் அந்தப் பாட்டு இரண்டு முறை தோற்கும் என்பதும் அவருக்குத் தெரியாது.

*

1983 ஜனவரியில் மூவரும் லண்டன் போனார்கள். குழுவுக்குப் புதுப் பெயர் தேவைப்பட்டது. வாக்டாரின் நோட்டுப் புத்தகத்தில், ஒரு பாட்டுக்கென்று எழுதி வைத்திருந்த தலைப்பு மார்ட்டனின் கண்ணில் பட்டது. ‘ஆ-ஹா’. அதுவே குழுவின் பெயராக நிலைத்தது.

கையில் இருந்த காசில் மாதிரிப் பதிவு எடுக்க ஒரு ஸ்டூடியோ தேடினார்கள். தெற்கு லண்டனில் சிடன்ஹாம் பகுதியில் ‘ரான்டேவூ’ என்று ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுக்க அவர்களே சொன்ன காரணம், அங்கே ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வீடியோ கேம் இருந்ததுதான். இருபது வயதை ஒட்டிய பையன்கள் அப்படி எடுத்த முடிவு அவர்களுடைய வாழ்க்கையையே திருப்பியது. ஸ்டூடியோவின் சொந்தக்காரர் ஜான் ராட்க்ளிஃப் தாமே இசைக்காரர், காது உள்ள மனிதர். பையன்களின் பதிவைக் கேட்டவர், வாடகைக்கு வந்தவர்கள் என்று பார்க்காமல் அவர்களைத் தம்மோடு வைத்துக்கொண்டார். இ.எம்.ஐ. கம்பெனியில் உயர் பொறுப்பில் இருந்த டெர்ரி ஸ்லேட்டரை அழைத்து வந்து கேட்க வைத்தார். இருவரும் சேர்ந்து குழுவின் மேலாளர்கள் ஆனார்கள்.

பழைய ‘மிஸ் ஈரி’ மெட்டு இதற்குள் ‘லெசன் ஒன்’ என்று மாறி, வரிகள் மாறி, கடைசியில் ‘டேக் ஆன் மீ’ ஆனது. பாட்டின் அமைப்பில் செய்த ஒரு மாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வந்த வெற்றிக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மார்ட்டனின் குரலுக்கு எல்லை மிகப் பெரிது. அதை ஒரே பாட்டில் முழுக்கக் காட்டுவது எப்படி? அவர்கள் கண்டுபிடித்த வழி, பல்லவியையே படிக்கட்டாக்குவது. பல்லவி ஆண்குரலின் அடித்தளத்தில், நெஞ்சிலிருந்து எழும் கீழ் ஸ்வரத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிட ஒரு படி மேலே நிற்கிறது. நம் வழக்கில் சொன்னால் மந்திர ஸ்தாயியில் புறப்பட்டு, மத்திய ஸ்தாயியைக் கடந்து, தார ஸ்தாயிக்குள் போய்க் கள்ளக்குரலில் உச்சியைத் தொடுகிறது. தொடங்கிய ஸ்வரத்துக்கும் முடிந்த ஸ்வரத்துக்கும் இடையே இரண்டரை ஸ்தாயி இருக்கிறது. நல்ல பாடகர்கள் பலருக்கு வாழ்நாள் முழுக்கப் பாடும் பாட்டுகளையெல்லாம் சேர்த்தாலும் இந்தத் தூரம் வராது. இங்கே ஒரே பல்லவியில் அது வருகிறது. நெஞ்சுக் குரலிலிருந்து கள்ளக்குரலுக்குத் தாவும் இடத்தில் விரிசல் தெரியக் கூடாது. மார்ட்டனிடம் தெரியாது. அடியில் தாளம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 அடி என்று ஓடிக்கொண்டிருக்க, மேலே குரல் அவசரமே இல்லாமல் நீண்ட கார்வைகளில் ஏறுகிறது. ஓடும் தாளமும் நிதானமான குரலும் ஒன்றையொன்று இழுக்கும் இழுப்பில்தான் அந்தப் பாட்டின் ஏக்கம் பிறக்கிறது. அரங்கில் கேட்பவர்கள் அந்தக் கடைசி ஸ்வரத்துக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருப்பது இன்றும் நடக்கிறது.

வார்னர் பிரதர்ஸ் கம்பெனியின் ஆண்டி விக்ஹாம் இந்தக் குரலைக் கேட்டார். ராய் ஆர்பிசனின் குரலைக் கேட்டது போல் இருந்தது அவருக்கு. பாடுகிறவரின் முகமோ திரைப்பட நாயகனின் முகம். 1983 முடிவதற்குள் ஒப்பந்தம் கையெழுத்தானது.

மேதைமை இருந்தது, கம்பெனி கிடைத்தது. பாட்டு கெட்டுப்போனது அதற்குப் பிறகுதான்.

*

வார்னர் ஏற்பாடு செய்த இசைத் தயாரிப்பாளர் டோனி மான்ஸ்ஃபீல்ட். ‘நியூ மியூசிக்’ என்ற குழுவை நடத்தியவர், மின்னணு இசையில் கைதேர்ந்தவர். அவருடைய முக்கிய ஆயுதம் ‘ஃபேர்லைட்’ என்ற ஆஸ்திரேலிய இயந்திரம். எந்த ஒலியையும் பதிந்து, எண்களாக மாற்றி, கீபோர்டில் வாசிக்க வைக்கும் கணினி அது. அந்த நாளில் அதை வாங்குவது பெரும் பணக்கார இசைக்காரர்களுக்கே சாத்தியம். 1984-ல் அது எதிர்காலத்தின் ஒலியாகத் தோன்றியது. ட்விக்கன்ஹாமில் இருந்த ஈல் பை ஸ்டூடியோவில் பதிவு நடந்தது.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பையன்களின் ஒலி அந்த இயந்திரத்தில் இல்லை. ராட்க்ளிஃப்பின் சின்ன ஸ்டூடியோவில் ஜூனோ-60 கீபோர்டும் கிதாருமாக அவர்கள் தேடிப் பிடித்து வைத்திருந்த சூடு, ஃபேர்லைட்டுக்குள் போய் வந்ததும் ஆறிப்போனது. இன்றும் அந்த 1984 பதிவு கிடைக்கிறது. கேட்டுப் பாருங்கள். எல்லா ஸ்வரமும் இருக்கிறது, அதே துணுக்கு, அதே குரல். ஆனால் தாளம் விறைத்து நிற்கிறது. ஒலி மெலிந்து, குரலுக்கு அடியில் தாங்க ஆள் இல்லாதது போல் இருக்கிறது. பல்லவி ஏறும்போது கூடவே ஏற வேண்டிய வாத்தியங்கள் ஏறுவதில்லை. மான்ஸ்ஃபீல்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் தமக்குத் தெரிந்த வேலையை நன்றாகவே செய்தார். அந்தப் பாட்டு கேட்ட வேலை வேறு.

குழுவுக்கும் திருப்தி இல்லை, ராட்க்ளிஃப்புக்கும் இல்லை. ஆனாலும் 1984-ல் பாட்டு கடைக்கு வந்தது. நீலப் பின்னணியில் குழு நின்று பாடுவது போல் சாதாரணமாக ஒரு வீடியோவும் எடுத்தார்கள். சொந்த நாடான நார்வே கைவிடவில்லை, மூன்றாம் இடம் வரை தூக்கிவிட்டது. பிரிட்டனில் கிடைத்த இடம் 137.

137 என்றால், வானொலியில் வாராவாரம் வாசிக்கும் பட்டியலுக்கு அருகில்கூட வரவில்லை என்று பொருள். லண்டன் நகரத்தில், தாங்கள் வாழ்ந்த ஊரில், அவர்களுடைய பாட்டு வெளிவந்ததே பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. ஒரு பாட்டு ஒருமுறை தோற்றால் கம்பெனிகள் அதைத் தொடுவதில்லை. அடுத்த பாட்டுக்குப் போ என்பார்கள், அல்லது போய் வா என்பார்கள்.

அந்த நேரத்தில் இரண்டு பேர் மறுத்தார்கள். ஒருவர் லண்டனில், இன்னொருவர் அமெரிக்காவில்.

*

லண்டனில் மறுத்தவர் ராட்க்ளிஃப். பாட்டு தோற்கவில்லை, பதிவுதான் தோற்றது என்பது அவர் கட்சி. ஆலன் டார்னி என்ற தயாரிப்பாளரிடம் போனார். கிளிஃப் ரிச்சர்டு பாடி 1979-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ‘வி டோன்ட் டாக் எனிமோர்’ பாட்டை எழுதியவர் டார்னி. எளிமையான மெட்டை மினுமினுப்பாக நிறுத்தத் தெரிந்த மனிதர்.

டார்னி செய்த முதல் நல்ல காரியம், புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்காமல் இருந்தது. பையன்களின் மாதிரிப் பதிவைக் கேட்டார். இதில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. அதை அடியொற்றியே போகத் தீர்மானித்தார். விம்பிள்டனில் ஆர்.ஜி. ஜோன்ஸ் ஸ்டூடியோவில், ஒலிப்பொறியாளர் ஜெர்ரி கிச்சிங்ஹாமுடன் வேலை தொடங்கியது. லின் டிரம் இயந்திரம் தாளத்தைப் பிடித்தது. மாக்னேயின் துணுக்கை ஜூனோ-60 வாசித்தது. அதன் மேலே யமாஹா டிஎக்ஸ்7, பிபிஜி வேவ் என்று வேறு கீபோர்டுகளின் ஒலிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. இயந்திரத் தாளம் உயிரோடு ஒலிக்க வேண்டும் என்று சிம்பல்களை உண்மையானவையாகவே வாசித்துப் பதிந்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் கிதார் ஓடிக்கொண்டே இருந்தது.

விளைவு, நீங்களும் நானும் இன்று கேட்கும் பாட்டு. தொடக்கத் தாளம் கதவைத் தட்டுகிறது, துணுக்கு உள்ளே நுழைகிறது, பல்லவி ஏறும்போது மொத்த வாத்தியமும் கூடவே எழும்புகிறது. மார்ட்டன் உச்சியில் நிற்கும்போது அவருக்குக் கீழே தரை இருக்கிறது. ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளுக்கு இடையே இவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

1985 ஏப்ரலில் புதிய பதிவு பிரிட்டனில் வெளியானது.

மறுபடி தோற்றது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. இந்த முறை பதிவில் குறை இல்லை, பாடியதில் குறை இல்லை. எண்பதுகளின் மிகச் சிறந்த பாப் ஒலிப்பதிவுகளில் ஒன்று கடைகளில் கிடந்தது, வாங்க ஆள் இல்லை. வார்னரின் லண்டன் அலுவலகம் அதற்குப் பெரிதாகத் தோள் கொடுக்கவும் இல்லை. நல்லது தானே மேலே வந்துவிடும் என்று நாம் அடிக்கடி நம்பிக்கொள்கிறோம். 1985 ஏப்ரல் அந்த நம்பிக்கைக்கு எதிரான ஆதாரம்.

மூன்றாவது வாய்ப்பு என்பது பாப் இசையுலகில் யாருக்கும் கிடைப்பதில்லை. அது அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது.

*

அமெரிக்காவில் மறுத்தவர் ஜெஃப் ஏராஃப். வார்னரின் தலைமையகத்தில் படைப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். எம்.டி.வி. தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்க இளைஞர்கள் பாட்டைக் கேட்பதோடு பார்க்கவும் பழகியிருந்தார்கள். குழு நின்று பாடும் பழைய வீடியோவை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று ஏராஃப்புக்குத் தெரியும்.

அவர் மனதில் ஒரு குறும்படம் தங்கியிருந்தது. மைக்கேல் பேட்டர்சன் என்ற ஓவியர் மாணவராக இருந்தபோது 1981-ல் எடுத்த ‘கம்யூட்டர்’. பென்சில் கோடுகளாலேயே மனிதர்கள் அசையும் படம். அந்தக் கோடுகளையும் இந்தப் பாட்டையும் சேர்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. இயக்குநராக அவர் பிடித்தவர் ஸ்டீவ் பாரன். மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ வீடியோவை எடுத்தவர். பாரனுக்கு ஏராஃப் கொடுத்தது ஒரு லட்சம் பவுண்டும், தேவையான காலமும். இரண்டு முறை தோற்ற பாட்டுக்கு ஒரு லட்சம் பவுண்டு! பணத்தைவிட அந்தக் காலம்தான் பெரிய கொடை. பாப் இசை வீடியோக்கள் சில நாட்களில் எடுத்து முடிக்கப்பட்ட காலம் அது.

பாரன் எழுதிய கதை உங்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். தேநீர்க் கடையில் தனியாக உட்கார்ந்து சித்திரக்கதை படிக்கும் பெண். கதையில் மோட்டார் பந்தய வீரன். அவன் தாளிலிருந்தே கண்ணடிக்கிறான். பென்சில் கோடாக ஒரு கை தாளிலிருந்து எழுந்து அவளை நோக்கி நீள்கிறது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு தாளுக்குள் போகிறாள். காசு கொடுக்காமல் போய்விட்டாள் என்று நினைத்த பரிசாரகி புத்தகத்தைக் கசக்கிக் குப்பையில் போடுகிறாள். உள்ளே, கோட்டுலகத்தில், பந்தய எதிரிகள் துரத்துகிறார்கள். அவன் தாள் சுவரைக் கிழித்து அவளை வெளியேற்றிவிட்டு உள்ளேயே நிற்கிறான். அவள் கசங்கிய தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறாள். முடிவில் அவன் சட்டங்களின் சுவர்களில் மோதி மோதி, கோடாகவும் தசையாகவும் மாறி மாறித் துடித்து வெளியே வருகிறான். அந்தத் துடிப்புக்கு பாரன் எடுத்துக்கொண்ட முன்மாதிரி, கென் ரஸ்ஸல் இயக்கிய ‘ஆல்டர்ட் ஸ்டேட்ஸ்’ என்ற 1980-ம் ஆண்டுத் திரைப்படம்.

லண்டன் வாண்ட்ஸ்வொர்த் சாலையில் இருந்த ‘கிம்ஸ் கஃபே’யில் கடைக் காட்சிகள் படமாயின. நாயகியாக நடித்தவர் பன்டி பெய்லி. மார்ட்டன்தான் வீரன். படப்பிடிப்பில் தொடங்கிய பழக்கம் இருவரையும் உண்மையிலேயே காதலர்களாக்கியது. திரையில் அவர்கள் கண்களில் தெரிவது நடிப்பு மட்டுமாக இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

படமெடுத்தது சில நாள் வேலை. பாரம் அதற்குப் பிறகு பேட்டர்சன் மீதும், அவருடைய துணை ஓவியர் கேண்டஸ் ரெக்கிங்கர் மீதும் இறங்கியது. அவர்கள் கையாண்ட முறைக்கு ‘ரோட்டோஸ்கோப்’ என்று பெயர். மேக்ஸ் ஃப்ளைஷர் என்ற சித்திரப்படக்காரர் 1917-ல் காப்புரிமை பெற்ற பழைய முறை. நடிகர்களை வைத்து எடுத்த படத்தின் ஒவ்வொரு சட்டத்தையும் தாளின் மீது விழவைத்து, அதன் மேலேயே கையால் வரைய வேண்டும். ஒரு சட்டம் முடிந்தால் அடுத்தது. திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள். இப்படி ஏறத்தாழ 3,000 சட்டங்களை அவர்கள் பென்சிலால் வரைந்தார்கள். 16 வாரங்கள் ஆயின.

கணினியில் இதை இன்று நிமிடங்களில் செய்துவிடலாமே என்று யாராவது கேட்கலாம். அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒரு சட்டத்தில் கன்னத்தின் நிழலுக்கு இழுத்த கோடுகள் அடுத்த சட்டத்தில் அதே இடத்தில் இருப்பதில்லை. கை ஒவ்வொரு முறையும் புதிதாக இழுத்திருக்கிறது. அதனால் முகம் அசையாத நேரத்திலும் கோடுகள் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த நடுக்கம்தான் காகித மனிதனுக்கு உயிர் கொடுக்கிறது. இதே 1985-ல் இதே பாரன், ‘டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்’ குழுவின் ‘மணி ஃபார் நத்திங்’ பாட்டுக்குக் கணினியால் உருவங்களை அசைய வைத்தார். அது அந்தக் காலத்தில் பெரும் புதுமை. இன்று இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கணினி உருவங்களின் மீது காலம் படிந்திருப்பது தெரிகிறது. பென்சில் கோடுகளின் மீது அது படியவில்லை.

படம் தயாரானது. ஆனால் பாட்டு இருமுறை செத்தது என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். இதை எப்படி வெளியிடுவது?

*

வார்னர் அமெரிக்காவில் வரிசையை மாற்றிப் போட்டது. இசைத்தட்டு கடைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே வீடியோவை வெளியே விட்டார்கள். மக்கள் முதலில் பார்த்தார்கள், பிறகுதான் பாட்டைத் தேடினார்கள். தட்டு கடைக்கு வந்தபோது வாங்குவதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள்.

1985 ஜூலையில் ‘பில்போர்டு ஹாட் 100’ பட்டியலின் அடிப்பகுதியில் பாட்டு நுழைந்தது. பாய்ச்சல் இல்லை. வாரத்துக்கு வாரம் சில படிகள். ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. எம்.டி.வி. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டது. அக்டோபர் 19, 1985 தேதியிட்ட பட்டியலில் ‘டேக் ஆன் மீ’ முதலிடத்தில் நின்றது. அதற்கு முன் எந்த நார்வே கலைஞரும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி என்று நாடு நாடாக முதலிடம் தொடர்ந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை ஒரு பேச்சு உண்டு. வீடியோதான் அந்தப் பாட்டை வெல்ல வைத்தது என்பார்கள். பாதி உண்மை. வீடியோ இல்லாமல் டார்னியின் பதிவு தோற்றதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஏராஃப் எதை நம்பி ஒரு லட்சம் பவுண்டை எடுத்து வைத்தார்? பேட்டர்சனும் ரெக்கிங்கரும் 16 வாரம் எந்தப் பாட்டுக்காக உட்கார்ந்து வரைந்தார்கள்? ராட்க்ளிஃப் மறுபடி பதிய வேண்டும் என்று நிற்காமல், 1984-ன் மெலிந்த பதிவே மிஞ்சியிருந்தால், அதே பென்சில் கோடுகள் அதன் மேல் ஓடியிருந்தாலும் இந்த வெற்றி வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதற்கு 2017-ல் ஒரு சாட்சி கிடைத்தது. நார்வேயின் கீஸ்கே தீவில், எம்.டி.வி. அன்பிளக்ட் நிகழ்ச்சிக்காகக் குழு மறுபடி அந்தப் பாட்டைப் பாடியது. மின்னணுக் கீபோர்டு இல்லை, ஓடும் தாளம் இல்லை, காகித வீரன் இல்லை. மெல்ல, மிக மெல்லப் பாடினார் மார்ட்டன். வயது ஐம்பதைத் தாண்டி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1985-ல் புகழ் கொடுத்த எல்லாவற்றையும் கழற்றி வைத்த பிறகும் பாட்டு நின்றது. அந்தப் பதிவைக் கேட்டு அழுதவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பள்ளிப் பையன் பிடித்த துணுக்கும், இரண்டரை ஸ்தாயி ஏறும் பல்லவியும்தான் இந்தப் பாட்டு. மற்றவை அதற்குக் கிடைத்த நல்ல துணைகள்.

*

1985 செப்டம்பருக்கு வருவோம். அமெரிக்காவில் பாட்டு ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகு, லண்டன் அலுவலகம் பிரிட்டனில் மூன்றாவது முறையாக அதை வெளியிட்டது. இருமுறை ஏறெடுத்துப் பார்க்காத நாடு இப்போது வாங்கியது. பட்டியலில் மேலே, மேலே, இன்னும் மேலே. அக்டோபர் கடைசியில் இரண்டாம் இடம்.

முதலிடத்தில் ஜெனிஃபர் ரஷ் என்ற அமெரிக்கப் பாடகி நின்றார். அவர் பாடிய ‘தி பவர் ஆஃப் லவ்’ பிரிட்டனில் அந்த ஆண்டு மிக அதிகமாக விற்ற தனிப்பாட்டு. ஐந்து வாரம் அவர் இறங்கவே இல்லை. மூன்று வாரம் ஆ-ஹா இரண்டாம் இடத்திலேயே நின்றுவிட்டு இறங்கியது. அமெரிக்காவை வென்ற பாட்டுக்கு, அது பதிவான நாட்டில் முதலிடம் கிடைக்கவே இல்லை.

ஒரே பாட்டோடு முடிந்துபோகும் குழுக்களின் பெயர்கள் பாப் இசை வரலாற்றில் ஏராளம். மூன்று நார்வேக்காரர்களின் அடுத்த பாட்டை எதிர்பார்த்துக் கம்பெனி காத்திருந்தது. வாக்டார் எழுதிய அந்தப் பாட்டு 1985 டிசம்பரில் பிரிட்டிஷ் கடைகளுக்கு வந்தது. வீடியோவுக்கு மறுபடியும் ஸ்டீவ் பாரன். காகிதத்திலிருந்து வெளியே வந்த அந்த வீரனுக்கு அதன் பிறகு என்ன ஆனது என்பதைத் தொடக்கக் காட்சியிலேயே அவர் காட்டினார். பிரிட்டனில் முதலிடம் இந்த முறையாவது கிடைத்ததா? இரண்டுக்கும் விடை அடுத்த வாரம்.

அதற்குள் வாசகர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். ‘டேக் ஆன் மீ’யின் 1984 பதிவையும் 1985 பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வீடியோ இல்லாமல் கேளுங்கள். எந்த இடத்தில் வித்தியாசம் உங்களைத் தொட்டது என்று எனக்கு எழுதுங்கள்.

(தொடரும்)